கையெழுத்துப் போட்டால் போதுமா?

(கிளைச் செயலாளர்கள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



"பள்ளிக்கூடமும் பொதுமக்கள் தொடர்பும்" என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறி, நாடகக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டவனைப் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசு என்று பணித்திருக்கிறார்கள். பொருத்தம் பார்த்துப் பணித்தார்களோ, வேறு ஆள் அகப்படாமல் பணித்தார்களோ, நானறியேன்! எனினும் நாடகக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரை விலகியதும் அவன் வசனத்தைக் கேட்பதற்கு முன் நாற்காலியைப் பார்ப்பான். யார் அமர்ந்திருக்கிறார், யார் நின்றுகொண்டிருக்கிறார், யார் வாசலுக்கு வெளியே தயங்குகிறார் — இதைக் கண்ட மாத்திரத்தில் அந்த வீட்டில் ஆட்சி யாருடையது என்பது அவனுக்கு விளங்கிவிடும். அந்தக் கண்ணோடு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம், வாருங்கள். வகுப்புக்கு வர இயலாமல் ஞாயிறு இதழில் இதைப் படிக்கின்ற தோழரே, நீங்களும் இந்தப் பந்தலின் கீழ் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாகவே கொண்டு பேசுகிறேன்.

பொதுமக்கள் தொடர்பு! கேட்பதற்கு இனிய சொல். கம்பெனிக்காரர்கள் வளர்த்த சொல். சரக்கு ஒருவனிடம், பணம் மற்றவனிடம். இருவருக்கும் நடுவே நின்று முகமலர்ச்சியோடு பேசுபவன் தொடர்பு அதிகாரி. பள்ளிக்கூடத்தையும் சரக்காக்கிவிட்டவர்கள் அந்தக் கலையைக் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள். ஏப்ரல் பிறக்கட்டும், பாருங்கள்! சாலைச் சந்திப்பிலே ஒரு பலகை. பேருந்தின் முதுகிலே ஒரு படம். பத்திரிகையைப் பிரித்தால் மடியில் விழுவது ஒரு துண்டறிக்கை. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையின் முகம் சிரிக்கிறது. குளிரூட்டிய வகுப்பறை என்கிறார்கள். நீச்சல் குளம் என்கிறார்கள். இவ்வளவும் சொல்பவர்கள், ஆசிரியருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் அந்தப் பலகையில் எழுதுவதில்லை. எழுத இடம் போதவில்லை போலும்!

பெற்றோர் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமாவது உண்டா? சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சொல்லிவிட்டு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இது பொருந்தாது என்று விலக்கும் அளித்துவிடுகிறது. ஆகவே, எங்கே விளம்பரம் விண்ணை முட்டுகிறதோ, அங்கே பெற்றோருக்குச் சட்டம் தந்த நாற்காலி இல்லை. எங்கே அந்த நாற்காலி இருக்கிறதோ, அந்த அரசுப் பள்ளிக்கு விளம்பரமும் இல்லை, நாற்காலி இருக்கும் செய்தி ஊருக்குத் தெரியவும் இல்லை! விந்தை அன்றோ இது?

அரசுப் பள்ளி ஆசிரியர்களும் தெருவில் இறங்கத்தான் செய்கிறார்கள். கோடை வெயிலில், கையில் துண்டறிக்கையும் பின்னால் பிள்ளைகள் ஊர்வலமுமாக, வீடு வீடாகச் சென்று, "உங்கள் குழந்தையை எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்று கேட்கும் ஆசிரியைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களை வணங்குகிறேன். ஆனால் சேர்க்கை முடிந்த பிறகு? பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன், ஐந்தாண்டுகள் கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் மறுபடியும் அந்த வாசலை மிதிக்கிறான். இடையிலே அழைப்பு வருமானால், பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டான் என்று பொருள். பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு, காவல் நிலையத்துக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பாகிவிட்டது. கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாமல் போகக் கூடாது.

ஒரு காட்சி காணுங்கள். கற்பனைக் காட்சிதான்; ஆயினும் எந்த ஊர் என்று நீங்களே பெயர் போட்டுக்கொள்வீர்கள்.

வேலை நாள். பிற்பகல் மூன்றரை மணி. தலைமையாசிரியர் அறை. மேசைமீது பதிவேடுகள் குவிந்திருக்கின்றன. கதவோரம் ஒரு தாய். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, காலில் சேற்றோடு ஓடி வந்தவள்.

"வாம்மா, வா. கூட்டம் முடிந்துவிட்டது."

"மூணு மணின்னு சொன்னாங்க, ஓடியாறேனுங்க."

"பரவாயில்லை. தீர்மானம் எழுதியாகிவிட்டது. இங்கே ஒரு கையெழுத்து."

"என்னங்க எழுதியிருக்கு?"

"எல்லாம் நல்லதுதான் அம்மா."

அவள் கையெழுத்துப் போடுகிறாள். நின்றபடியே போடுகிறாள். அறையில் நான்கு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அவள் போன பிறகு, பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோம். "தலைவர்" என்று எழுதியிருக்கிறது!

ஆம் தோழர்களே, அந்தக் குழுவின் தலைவர் அவள். கூட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டியவளைத்தான் கூட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். தலைமையாசிரியரைக் கொடியவராக்கிக் காட்டுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியிலே பாடம் நடத்தி, பதிவேடு எழுதி, கணினியில் புள்ளிவிவரம் ஏற்றி, மேலதிகாரியின் தொலைபேசிக்கு விடை சொல்லி, இத்தனைக்கும் நடுவே ஒரு கூட்டத்தையும் நடத்தியதாகக் காட்ட வேண்டியவர் அவர். காகிதம் கேட்கிறார்கள், காகிதம் தருகிறார். அந்தத் தாய்க்கு நாற்காலி தரும்படி அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் யார்? அங்கேதான் நம் கதைக்கு வருகிறேன். அதற்கு முன், நம் நாட்டுப் பழைய ஏடு ஒன்றைப் புரட்டிவிட்டு வருவோம்.

1954ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு பொறுப்பேற்றார். காமராசர் முதலமைச்சர். பள்ளி திறக்க வேண்டும், ஆசிரியர் வேண்டும், பிள்ளை வர வேண்டும், வந்த பிள்ளை பசியோடு உட்கார்ந்தால் பாடம் ஏறாது. கருவூலத்தில் அதற்கெல்லாம் பணம் குவிந்து கிடக்கவில்லை. ஊரைக் கேட்டார்கள். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, முதலில் ஊர் தந்த அரிசியிலும் பருப்பிலும் நடந்தது. அடுத்த ஆண்டில்தான் அரசின் மானியம் சேர்ந்தது. பிச்சை எடுத்தாவது பிள்ளைகளைப் படிக்கவைப்போம் என்ற துணிவோடு கேட்டார்கள், ஊர் கொடுத்தது.

1958இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற புதுமை பிறந்தது. அதன் நடைமுறையைத்தான் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாநாடு என்றதும் பந்தலும் பேச்சும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே பந்தலுக்கு முன்பே வேலை நடந்துவிடும். ஆசிரியரும் ஊராரும் கூடி உட்கார்ந்து, எங்கள் பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் எழுதுவார்கள். கரும்பலகை இல்லை. தண்ணீர்ப் பானை இல்லை. சுற்றுச்சுவர் இல்லை. விளையாட இடம் இல்லை. மாற்றுச் சட்டை இல்லாத பிள்ளைகள் இத்தனை பேர். பட்டியல் ஊர் நடுவே படிக்கப்படும். பானை என்னுடையது என்பார் ஒருவர். சுவருக்குச் சுண்ணாம்பு என் பொறுப்பு என்பார் மற்றொருவர். நிலம் உள்ளவர் நிலம் தருவார். ஒன்றுமில்லாதவர் இரண்டு நாள் உழைப்பைத் தருவார். மாநாட்டு நாளில் அமைச்சரும் அதிகாரியும் வந்து அதைக் கண்டு பாராட்டுவார்கள். இந்த முறை மாவட்டம் மாவட்டமாகப் பரவியது.

இதிலே எனக்குப் பிடித்தது கொடையைவிடப் பட்டியல்தான். தன் பள்ளியில் என்ன இல்லை என்பதை ஓர் ஊர் உட்கார்ந்து எழுதுகிறதே, அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூடம் அரசாங்கக் கட்டடம் என்ற நிலை மாறி, நம் வீடு என்றாகிறது. நம் வீட்டில் ஓடு உடைந்தால் நமக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஓடு உடைந்தால் மழை பெய்த பிறகுதான் தெரியும்.

"அப்படியானால் ஊரே கொடுக்கட்டும், அரசாங்கம் எதற்கு?" என்று கேட்பார்கள். கேட்கிறார்கள். வெளிப்படையாகக் கேட்காதவர்களும் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். ஊர் அள்ளிக் கொடுக்கும்போது, கொடுக்கக் கடமைப்பட்டவன் கையை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இதற்கு விடை வேண்டுமானால் கடல் கடந்து போக வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு.

அங்கே கறுப்பின மக்கள் வரி கட்டினார்கள். அந்த வரியில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி எழுந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒழுகும் கொட்டகை மிஞ்சியது. டஸ்கிகியில் கல்விக்கூடம் நடத்திய புக்கர் டி. வாசிங்டனும், சிகாகோவில் பெருவணிகம் நடத்திய சூலியசு ரோசன்வால்டு என்ற செல்வரும் சேர்ந்து 1912இல் அலபாமாவில் ஆறு சிறிய பள்ளிகளுக்கு வித்திட்டார்கள். செல்வர் ஒரு நிபந்தனை விதித்தார்: நான் ஒரு பங்கு தருகிறேன், ஊரும் தர வேண்டும், அரசுக் கல்வி வாரியமும் ஏற்று நடத்த வேண்டும். ஊர் தந்தது தோழர்களே, எப்படித் தந்தது! குத்தகை நிலத்தில் உழைத்த ஏழை உழவர்கள், வயலில் ஒரு மூலையைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்றுத் தந்தார்கள். கோழி விற்றார்கள். மரம் வெட்டித் தந்தார்கள். தச்சர்கள் கூலி வாங்காமல் உழைத்தார்கள். 1932இல் அந்தத் திட்டம் முடிந்தபோது, 15 மாநிலங்களில் 5,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கோடீசுவரரின் நிதி தந்ததைவிட அந்த ஏழைகள் தந்த தொகை அதிகம்!

கண்ணீர் துளிர்க்கிறது இல்லையா? துளிர்க்கட்டும். துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தையும் படியுங்கள். வரியும் கட்டினார்கள், பள்ளியும் கட்டினார்கள். ஒரே பள்ளிக்கு இரண்டு முறை விலை கொடுத்தார்கள். அவ்வளவு கொடுத்தும், அதே மாவட்டத்து வெள்ளையர் பள்ளிக்குச் சமமான பணம் அந்தப் பள்ளிகளுக்குக் கல்வி வாரியத்திடமிருந்து வரவில்லை. ஏன்? வாரியத்து நாற்காலியில் அவர்களுக்கு இடம் இல்லை. வாக்குச்சீட்டும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. பிரித்துவைத்த பள்ளி சமமான பள்ளி ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் பல ஊர்களில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை ஏன் நீட்டிச் சொன்னேன்? 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவ ஒரு வழி. நல்ல வழி. படித்த பள்ளிக்குப் பத்து நாற்காலி வாங்கித் தருபவரைப் பாராட்டுவோம். ஆனால் நாற்காலி வாங்கித் தருவது வேறு, அந்த நாற்காலியில் அமர்வது வேறு. ஊருக்குக் கொடை கொடுக்கும் கை மட்டும் இருந்து, கணக்குக் கேட்கும் வாய் இல்லாவிட்டால், அலபாமா உழவனின் கதிதான் நமக்கும்.

அந்த வாயைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. 1958இல் கடம்பத்தூரில் கூடியவர்களுக்கு இல்லாத உரிமை இது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம் வேண்டும். குழுவின் வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது. வந்த பணம் எதற்குச் செலவாயிற்று என்று பார்ப்பது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை மறுபடியும் அமைத்தபோது ஒவ்வொன்றிலும் 20 பேர். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். தலைமை பெற்றோரில் ஒருவருக்கு.

பள்ளி வளர்ச்சித் திட்டம் என்றால் என்ன? அதே பழைய பட்டியல்தான்! எங்கள் பள்ளியில் என்ன இல்லை என்று ஊர் எழுதும் பட்டியல். அன்று அது ஊரை நோக்கி நீட்டப்பட்ட ஏனம். இன்று அது அரசை நோக்கி நீட்டப்படும் ஆவணம். சட்டப்படி, அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் மானியம் பேசப்பட வேண்டும். இவ்வளவு வலிவுள்ள தாளை "எல்லாம் நல்லதுதான் அம்மா" என்ற மூன்று சொற்களில் மூடிவிடுகிறோமே!

இப்போது நம் கதை. கிளைச் செயலாளர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருக்கிறீர்கள், மாலை போட்டிருக்கிறார்கள், மேடையில் நாற்காலி தந்திருக்கிறார்கள். மேலாண்மைக் குழு நாளில் அந்தப் பக்கம் போனதுண்டா? சிலர் போவதுண்டு. போய், அந்தத் தாயின் நாற்காலியில் தாமே அமர்ந்துவிடுவதும் உண்டு! "எங்கள் ஆள்" ஒருவரைக் குழுவில் நுழைப்பதைப் பெரிய வெற்றியாகக் கருதுவதும் உண்டு. வேண்டாம். கொடியைப் பள்ளிக்கு வெளியே, தெருமுனைக் கம்பத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். நம் கொடி பறக்க நாட்டில் இடமா இல்லை?

உங்கள் வேலை கதவுக்கு வெளியே இருக்கிறது. அரைநாள் கூலி போகிறதே என்று அந்தத் தாய் தயங்குகிறாள். மாலை ஆறு மணிக்குக் கூடலாமே என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள், நாலு பேர் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கிறது, ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டில் ஆள் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாது என்று கூசுகிறாள். "எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்ல எழுத்தறிவு தேவையில்லை. அந்த ஒரே வசனத்தை அவளுக்குப் பாடமாக்குங்கள். நான் எத்தனையோ நாயகிகளுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறேன். இதைவிடக் கூர்மையான வசனம் எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

அவள் கேட்டது பதிவேட்டில் ஏறட்டும். ஏறியது அடுத்த கூட்டத்தில் படிக்கப்படட்டும். இரண்டு முறை படித்தும் நடக்காவிட்டால், கிராம சபை இருக்கிறது; சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களை நாம் கொடியேற்றவும் இனிப்பு வழங்கவும் மட்டுமே பயன்படுத்துகிறோம். அங்கே அந்தத் தாய் எழுந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, மூன்று மாதமாகத் தீர்மானம் தூங்குகிறது என்று சொல்லட்டும். ஊர் கேட்கும். தலைமையாசிரியருக்கும் அது உதவி. அவர் தனியாக எழுதிய பத்துக் கடிதங்களால் அசையாத கோப்பு, ஊர் எழுந்தால் அசையும். பள்ளியும் ஊரும் எதிரெதிரே நிற்பதாக எண்ணும் ஆசிரியர்கள் இதை உணர்ந்துவிட்டால், கூட்டத்துக்கு வந்த தாயை நிற்கவைத்து அனுப்ப மாட்டார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன்: "எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இப்போது இருப்பதே ஏழு பிள்ளைகள். மூடிவிடுவார்கள் என்று பேச்சு. இதில் குழு எதற்கு, கூட்டம் எதற்கு?"

நல்ல கேள்வி, கசப்பான கேள்வி. எழுதிய தோழரே, ஏழு என்று எண்ணிவிட்டீர்கள். காலை எட்டு மணிக்கு உங்கள் ஊர் முனையில் வந்து நிற்கும் மஞ்சள் வண்டியில் ஏறுகிற பிள்ளைகள் எத்தனை பேர், அதையும் எண்ணினீர்களா? நாளைக் காலையில் எண்ணுங்கள். பிறகு அந்த வீடுகளுக்குப் போங்கள். ஏன் இங்கே அனுப்பவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் என்பார் ஒருவர். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறாரே என்பார் ஒருவர். பள்ளிக்குப் போகும் பாதையில் சாக்கடை என்பார் ஒருவர். எல்லாரும் அனுப்புகிறார்கள், நானும் அனுப்புகிறேன் என்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சேரியிலிருந்து வரும் பிள்ளைகளோடு என் பிள்ளை உட்காரக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லாமல், வேறு ஏதேதோ காரணம் சொல்பவரும் இருப்பார். அவரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவரிடம் பேச வேண்டியது தனியாக இருக்கிறது. சாக்கடை ஊராட்சியின் வேலை. ஆசிரியர் இடம் கல்வித் துறையின் வேலை. எது யாருடைய வேலை என்று பிரித்து எழுதி, அந்த ஏழு பிள்ளைகளின் தாய்மார்கள் கையில் கொடுங்கள். அவர்கள் வாயால் அது குழுவின் தீர்மானமாகட்டும்.

அடுத்த மாதம் இதே பந்தலில் வகுப்பு இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டியலைக் கொண்டுவாருங்கள் தோழரே. நான் பேசப்போவதில்லை; நீங்கள் படிக்க, நாங்கள் கேட்போம்.